ட்ரோப்லோங் மோந்தோ: ஆள் மாறினால் ஒயினும் மாறுமா?

கேள்வி இதுதான். பிரான்சின் போர்தோவில் உள்ள ட்ரோப்லோங் மோந்தோ எஸ்டேட்டின் 2009, 2010 அறுவடை ஒயின்களை விரும்பிக் குடித்த ஒருவர் 2019ஐத் திறந்திருக்கிறார். வேறு ஏதோ எஸ்டேட்டின் ஒயினைக் குடித்த மாதிரி இருந்ததாம். அதே நிலம், பெரும்பாலும் அதே கொடிகள், நடத்துகிற ஆள் மட்டும் மாறியிருக்கிறார், அதற்கே இவ்வளவு மாறுமா, இல்லை புது ஆள் கெடுத்துவிட்டாரா என்று கேட்கிறார்.

மாறும். கெட்டதா என்றால், இல்லை என்பேன். ஆனால் பழைய பாணியை ரசித்தவர்களின் ஏமாற்றத்திலும் நியாயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. போர்தோவில் ஆற்றின் வலது கரைப் பகுதியில், சாந்த்-எமிலியோன் ஊரை ஒட்டிய மோந்தோ குன்றின் மேல் இந்த எஸ்டேட் உட்கார்ந்திருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான், ஊருக்கான தண்ணீர்த் தொட்டியையே அங்கேதான் கட்டியிருக்கிறார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே கனமான களிமண். களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சீக்கிரம் சூடாகாது, மேட்டில் காற்றும் அதிகம். அதனால் சுற்றுவட்டாரத்தில் மெர்லோ திராட்சை பழுத்த பிறகுதான் இங்கே பழுக்கும். பயிரில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு மெர்லோ, மிச்சம் காபர்னே சோவின்யோனும் கொஞ்சம் காபர்னே ஃப்ராங்க்கும்.

தாமதமாகப் பழுக்கும் நிலம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "பழைய பாணி" என்று சொல்வதும் ஒரு காலத்தில் புதுப் பாணியாக வந்ததுதான். 1980களில் குடும்பத்து மகள் கிறிஸ்டின் வலெட் பொறுப்பேற்றபோது எஸ்டேட்டுக்குப் பெரிய பெயர் இல்லை. அவரும் கணவர் ஸாவியே பரியாந்தும் மிஷேல் ரோலானை ஆலோசகராக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். விளைச்சலைக் குறைத்தார்கள், தேறாததை முதல் ஒயினில் சேர்க்காமல் மோந்தோ என்ற இரண்டாம் ஒயினுக்குத் தள்ளினார்கள், புது ஓக் பீப்பாய்கள் வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழம் முழுசாகப் பழுக்கும்வரை காத்திருந்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. 80களின் போர்தோவில் பழுக்காத மெர்லோதான் பிரச்சினை. மழை வந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரமாகப் பறித்த பழத்தில் குடைமிளகாய் வாசனையும் நாக்கைச் சுரண்டும் துவர்ப்பும் இருக்கும். தாமதமாகப் பழுக்கும் குன்றில் காத்திருக்கத் துணிந்தவர்களுக்கு 1989, 1990 மாதிரியான ஆண்டுகளில் பலன் கிடைத்தது. அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தூக்கிவைத்துக் கொண்டாடினார். சாந்த்-எமிலியோனின் 2006 தரவரிசையில் எஸ்டேட் மேல் வகுப்பான பிரமியே கிரான் க்ரூ கிளாஸே ஆனது. அந்தத் தரவரிசை நீதிமன்றத்தில் அடிபட்டு ரத்தானது வேறு கதை, பதவி உயர்வு நிலைத்தது.

அப்புறம் என்ன ஆனது? வெயில் கூடியது, பழக்கம் மாறவில்லை. 80களோடு ஒப்பிட்டால் போர்தோவில் அறுவடை இன்று ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக வருகிறது, பழத்தில் சர்க்கரையும் அதிகம். குளிரான காலத்தில் எவ்வளவு நாள் காத்திருந்தார்களோ அதே நாள் கணக்கைச் சூடான காலத்திலும் காத்தால் பழம் பழுத்து நிற்காது, அதைத் தாண்டிப் போய்விடும். 2009, 2010 புட்டிகளின் லேபிளைப் பாருங்கள், ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். போர்தோவில் அந்த எண்ணை அதற்கு முந்தைய தலைமுறை யாரும் பார்த்ததில்லை. அந்த ஒயின்களுக்கு ஒரு பிரம்மாண்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது குன்றிலிருந்து வந்ததா காத்திருந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கிறிஸ்டின் வலெட் 2014இல் காலமானார். 2017இல் குடும்பம் எஸ்டேட்டை ஸ்கோர் என்ற பிரெஞ்சு மறுகாப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றது. நடத்த வந்தவர் எமெரிக் தெ ஜிரோந்த், அதற்கு முன் இடது கரையில் கோஸ் தெஸ்தூர்னெல் என்ற எஸ்டேட்டை நிர்வகித்தவர். ரோலானின் இடத்துக்கு தோமா துக்லோ ஆலோசகராக வந்தார். இந்த ஆலோசகர் இன்று வலது கரையில் நிறைய எஸ்டேட்டுகளுக்குப் போகிறார், போன இடமெல்லாம் ஒயின் இளைத்திருக்கிறது, நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். போர்தோவில் தனி ஒருவர் ஒயின் செய்வதில்லை. பாணியை நிர்வாகி முடிவு செய்வார், பாதாள அறைக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார், கலவைக்கு வெளி ஆலோசகர் வருவார். ஒரே நேரத்தில் இவர்களில் இரண்டு மூன்று பேர் மாறும்போதுதான் நீங்கள் பார்த்த மாதிரி திடீர்த் திருப்பம் வரும்.

சரி, என்னதான் மாற்றினார்கள்? ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் அறுவடைத் தேதி என்பேன். பீப்பாய், நொதித்தல், கலவை எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு முடிவின் எடைக்கு வராது.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். செப்டம்பர் கடைசியில் நல்ல வெயிலில் நிற்கும் மெர்லோவில் சர்க்கரை நாளுக்கு நாள் ஏறும், கொடி அனுப்புவது நின்ற பிறகும் பழத்திலிருந்து தண்ணீர் ஆவியாவதால் செறிவு ஏறிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். அதாவது லிட்டருக்கு 17 கிராம் கூடும்வரை காத்திருந்தால் 14.5 சதவீத ஒயின் 15.5 ஆகிவிடும். அதே நாட்களில் பழம் தன் மாலிக் அமிலத்தை எரித்துக்கொண்டிருக்கும், வெயில் ஏற ஏற வேகமாக. புளிப்பு இறங்கும், பிஎச் ஏறும். வாசனையும் நகரும். முதலில் சிவப்புப் பழம், பிறகு கறுப்புப் பழம், அதற்கும் பிறகு உலர்ந்த அத்தி, உலர்ந்த பிளம், காய்ச்சிய ஜாம். காமா-நோனாலாக்டோன் போன்ற சேர்மங்கள் மிகையாகப் பழுத்த மெர்லோவில் கூடுவது தெரிந்த விஷயம். அந்தக் கட்டத்துக்குப் போன பழம் எந்தக் குன்றில் விளைந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மணக்கும். இதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை. சாந்த்-எமிலியோனின் சுண்ணாம்பு மேட்டுக்கும் கீழே உள்ள மணல் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் காய்ச்சிய பழ வாசனையில் கரைந்துபோய்விடும்.

பிஎச் வெறும் ருசி விவகாரம் இல்லை, பாதுகாப்பு விவகாரமும்கூட. ஒயினில் சேர்க்கும் கந்தக டைஆக்சைடின் ஒரு சிறு பகுதிதான் கிருமிகளை அடக்கும், அந்தப் பகுதி எவ்வளவு என்பதை பிஎச் முடிவு செய்யும். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வேலைசெய்யும் கந்தகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிஎச் 3.5 என்றால் ஒயினில் எதனோடும் சேராமல் கட்டற்று நிற்கும் கந்தகம் 25 மில்லிகிராம் போதும், 3.9 என்றால் 60க்கு மேல் வேண்டும். அவ்வளவு போடத் தயங்கினால் ப்ரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட் பீப்பாய்க்குள் குடிபுகுந்து குதிரை லாயம், வியர்வைத் தோல் மாதிரி வாசனைகளைக் கொண்டுவரும். சீக்கிரம் பறிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

இதையெல்லாம் ஆய்வகத்தில் மட்டும் முடிவு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன்னால் தினமும் வரிசை வரிசையாக நடந்து பழத்தைப் பறித்து வாயில் போடுகிறார்கள். சாற்றை உறிஞ்சித் துப்பிவிட்டுத் தோலை மட்டும் கடைவாயில் வைத்து மெல்வார்கள். தோல் பசைபோல் கரைந்து, துவர்ப்பு ஈறில் ஒட்டாமல் போகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் விதை. பச்சையாக இருந்தால் கசக்கும், பழுப்பாகி மொறுமொறுவென்று உடைந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். பழைய பாணிக்காரர்கள் எல்லா விதையும் பழுப்பாகும்வரை, தோல் சற்றுச் சுருங்கும்வரை காத்திருப்பார்கள். புதுப் பாணிக்காரர்கள் பழம் இன்னும் விறைப்பாக, கடித்தால் தெறிக்கும் நிலையில் இருக்கும்போதே கத்திரியை எடுக்கிறார்கள். விதை முழுதாக முற்றவில்லை என்றால் விதையிலிருந்து குறைவாகச் சாறு இறக்கிக்கொண்டால் போயிற்று என்பது அவர்கள் வாதம்.

முன்னதாகப் பறித்தால் பச்சை வாசனை வராதா என்று கேட்கலாம். 1984இல் வந்திருக்கும். இன்று பெரும்பாலான ஆண்டுகளில் வருவதில்லை. குடைமிளகாய் வாசனை தரும் பைரசின்கள் பழம் பழுக்கும் கட்டத்தின் முற்பகுதியிலேயே கிடுகிடுவென்று இறங்கிவிடுகின்றன, குலையைச் சுற்றி இலை கிள்ளி வெளிச்சம் விட்டிருந்தால் இன்னும் நன்றாக. கடைசிப் பத்து நாள் காத்திருப்பு அதற்காக இல்லை, வேறு ஏதோ ஒன்றுக்காக: கனம், இனிப்புத் தோற்றம், அன்றைய விமர்சகர்களின் மதிப்பெண். நேராகச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது சாறு இறக்கும் விதம். மெர்லோவின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருகின்றன, கரடான துவர்ப்பு விதையிலிருந்து. ஆல்கஹாலும் சூடும் ஏற ஏற விதை தன் சரக்கை விடும். 30 டிகிரியில் நொதிக்கவைத்து, அடிக்கடி சாற்றை மேலே இறைத்து, தோலை அமுக்கி, நொதித்த பிறகும் வாரக்கணக்கில் ஊறவைத்தால் கறுப்பு மை மாதிரி ஒயின் கிடைக்கும். இந்த வகைப் பாணி மாற்றத்தில் எல்லோரும் இதைத் தளர்த்துகிறார்கள்: வெப்பத்தைக் கொஞ்சம் இறக்குவது, இறைப்பதைக் குறைத்து மிதக்கும் தோல் காயாமல் நனைந்திருக்கும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. உண்மையில் ஒரு விசித்திரம் என்னவென்றால் இப்படிச் செய்த ஒயினில் துவர்ப்பு அளந்தால் பெரிதாகக் குறைந்திருக்காது, வாயில் தெரிகிற விதம்தான் மாறியிருக்கும். பழையது நாக்கு முழுதும் கம்பளம் விரித்தது, புதியது நடுவில் கோடு போட்டுக்கொண்டு நேராகப் போகிறது, கடைசியில் சாக்பீஸ் பொடி மாதிரி ஒரு வறட்சியை விடுகிறது. சுண்ணாம்பு மேட்டு ஒயின்களில் அந்த வறட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்க வேண்டியதில்லை.

பீப்பாய் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. 225 லிட்டர் புது ஓக்கின் பங்கைக் குறைத்தார்கள். வெனிலா, காபி, புகை, தேங்காய் வாசனைகள் எல்லாம் அங்கிருந்து வருபவை, பீப்பாயை எவ்வளவு வாட்டினார்கள் என்பதைப் பொறுத்து. ஆனால் எல்லோரும் ஓக்கைத்தான் முதலில் குறை சொல்வார்கள், காரணம் அது மூக்கில் உடனே தெரிகிறது. கொழுத்த, இனித்த ஒயினில் எவ்வளவு ஓக்கும் கரைந்துவிடும், மெலிந்த ஒயினில் அதே ஓக் துருத்திக்கொண்டு நிற்கும். எனவே முன்னதாகப் பறிக்க முடிவு செய்தவர் ஓக்கைக் குறைத்தே ஆக வேண்டும், அது தனி முடிவு இல்லை, முதல் முடிவின் வால்.

இனி உங்கள் ஒப்பீட்டுக்கு வருகிறேன், அதில் ஒரு கோளாறு இருக்கிறது. 2009 வெயில் ஆண்டு, எல்லா எஸ்டேட்டிலும் ஒயின் கொழுத்துத்தான் இருந்தது. 2010 வறண்ட ஆண்டு, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே உயரத்தில் நின்றன, அதனால்தான் அந்த ஒயின் 15 சதவீதத்தைத் தாண்டியும் தள்ளாடாமல் நிற்கிறது. 2019ம் சூடுதான், ஆனால் செப்டம்பர் மழை நேரத்துக்கு வந்து காப்பாற்றியது. அதோடு 2009க்கும் 2019க்கும் வயது பத்தாண்டு வித்தியாசம். வயதான மெர்லோ உலர்பழம், புகையிலை, காளான் பக்கம் போகும், இளசு பூவும் பழமுமாக இருக்கும். நீங்கள் கண்ட வித்தியாசத்தில் ஒரு பங்கு வயதுக்கு, ஒரு பங்கு ஆண்டுக்கு, மிச்சம்தான் ஆட்களுக்கு. இருந்தாலும் அந்த மிச்சம் பெரிசு, ஒத்துக்கொள்கிறேன். 2015ஐயும் 2018ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகத் தெரியும். இரண்டும் வெயில் ஆண்டு, இடையில் வயது மூன்றே ஆண்டு, ஆட்கள் வேறு. 2015 கிளாஸை நெருங்கும் முன்பே சாக்லேட், அதிமதுரம், உலர்ந்த பிளம் என்று மூக்குக்கு வந்துவிடுகிறது, விழுங்கினால் தொண்டையில் லேசான சூடு. 2018 முதலில் எதுவும் சொல்லாது. கொஞ்சம் சுழற்றி, பத்து நிமிடம் விட்ட பிறகு கறுப்பு பிளம், வயலட் பூ, ஈரக்கல் வாசனை. நிறம் இரண்டிலும் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆக மெலிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் முதல் வாயில் ஏமாந்துபோவார்கள். இன்னும் கனமான ஒயின்தான் அது. குன்றின் களிமண் அதை விடாது.

2017 முதல் படி, அதை வைத்து யாரையும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த ஏப்ரல் கடைசியில் போர்தோவைப் பனி தாக்கியது, தாழ்வான நிலங்கள் கருகின, மேட்டு நிலங்கள் பெரும்பாலும் தப்பின. புது ஆட்கள் ஆண்டின் பிற்பகுதியில் வந்து, அவர்கள் வளர்க்காத பழத்தைத்தான் ஒயினாக்கினார்கள். கொடி கத்தரிப்பிலிருந்து கலவைவரை முழுதும் அவர்கள் கையில் இருந்த முதல் ஆண்டு 2018தான்.

இதே திருப்பம் பக்கத்து எஸ்டேட்டுகளிலும் நடந்திருக்கிறது, நடக்காத எஸ்டேட்டும் இருக்கிறது. கனோன் எஸ்டேட்டில் ஜான் கொலாசாவுக்குப் பிறகு 2015இல் நிக்கோலா ஓதெபேர் நிர்வாகியாக வந்தார். அங்கே ஒயின் ஏற்கெனவே மெல்லிய எலும்புதான், அதனால் திருப்பம் இல்லை, கூர்மை மட்டும் கூடியது. நேர் எதிர்த்திசையில் பவி. 1998இல் ஜெரார் பேர்ஸ் வாங்கியதும் விளைச்சலைக் குறைத்து, முற்றப் பழுத்த பழத்தோடு பிரம்மாண்டத்துக்குப் போனார். 2003 பவிக்காக பிரிட்டிஷ் ஒயின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சனும் பார்க்கரும் பகிரங்கமாகவே மோதிக்கொண்டார்கள். ஒருவருக்கு அபத்தம், இன்னொருவருக்கு அற்புதம். ஃபிஜாக் இன்னொரு சுவாரசியமான வழக்கு. 2010இல் அதன் உரிமையாளர் தியெரி மனோன்கூர் மறைந்த பிறகு ரோலானை ஆலோசகராகக் கொண்டுவந்தபோது, காபர்னே நிறைந்த அந்த நேர்த்தியான ஒயின் கொழுத்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அப்படி ஆகவில்லை. 2022இல் தரவரிசையின் உச்சப் படியான பிரமியே கிரான் க்ரூ கிளாஸே 'ஆ' (A) தகுதியும் கிடைத்தது. ஆலோசகர் பெயரை வைத்தே ஒயினை ஊகிப்பவர்களுக்கு ஃபிஜாக்கைக் காட்டுங்கள். வீட்டுக்காரர் என்ன வேண்டுமென்று தெரிந்து வைத்திருந்தால் ஆலோசகர் அதைச் செய்துகொடுப்பார்.

கெடுத்துவிட்டாரா என்ற கேள்விக்கு வருவோம். குன்று இப்போதுதான் காதில் விழுகிறது என்பது என் கருத்து. முன்பு கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் "ரோலான் காலத்து வலது கரை" என்று சொல்வேன், எஸ்டேட் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்று அந்தக் களிமண் கனமும் சுண்ணாம்பு முடிவும் சேர்ந்து வரும்போது இடத்தைச் சொல்ல முடிகிறது. அதே சமயம் இழப்பு இல்லை என்று சாதிக்க மாட்டேன். பழைய ட்ரோப்லோங் வாங்கிய அன்றே திறந்தாலும் சந்தோஷம் கொடுத்தது. குளிர்கால இரவில் இரண்டு பேர் ஒரு புட்டியோடு உட்கார அது மாதிரி ஒயின் போர்தோவில் அதிகம் இல்லை. புதியது பொறுமை கேட்கிறது. விலையும் இறங்கவில்லை. பல வருடம் ஒரே ஒயினைப் பெட்டி பெட்டியாக வாங்கியவருக்கு யாரும் "இனி இது வேறு" என்று எழுதி ஒட்டிக் கொடுப்பதில்லை, லேபிளில் அதே பெயர்தான். கோபம் வருவது இயல்பு. இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு: முன்பு எல்லோரும் கனத்துக்கு ஓடினார்கள், இப்போது எல்லோரும் புத்துணர்ச்சிக்கு ஓடுகிறார்கள், அதே ஆலோசகர்கள், அதே சொற்கள். பார்க்கர் 2019இல் முழுதாக ஓய்வு பெற்ற பிறகு விமர்சகர்களின் ருசியும் மாறிவிட்டது, மதிப்பெண்களும் அந்தப் பக்கம் போகின்றன. நாளைக்கு முன்னதாகவே பறித்த ஒயின்கள் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுமோ என்ற பயம் அநாவசியம் இல்லை.

கையில் இருப்பதை என்ன செய்யலாம் என்றால், 2009ஐ இனி வைத்திருக்க வேண்டாம், குடியுங்கள். ஆல்கஹாலும் பழமும் சேர்ந்திருக்கும் இந்த நிலை தாண்டினால் பழம் முதலில் போகும், சூடு மிஞ்சும். 16 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்றினால் அந்தச் சூடு அடங்கும், அறை வெப்பத்தில் ஊற்றாதீர்கள். 2010க்கு அவசரம் இல்லை, புளிப்பு அதைத் தாங்கும். 2019ஐ இப்போது திறந்தே ஆக வேண்டும் என்றால் டிகாண்டரில் (ஒயினை ஊற்றிக் காற்றாட விடும் கண்ணாடி ஜாடி) மூன்று மணி நேரம் விடுங்கள், முடிந்தால் புட்டியை 2030 தாண்டித் தொடுங்கள். புதியவர்களைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு புட்டி வாங்குவதாக இருந்தால் 2022ஐ வாங்குங்கள். கொளுத்திய, வறண்ட ஆண்டு அது. பழைய ஆட்கள் கையில் கிடைத்திருந்தால் ஆல்கஹால் எங்கேயோ போயிருக்கும். அப்படிப்பட்ட ஆண்டிலும் ஒயின் நிமிர்ந்து நிற்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு, கெடுத்தாரா இல்லையா என்று சொல்லுங்கள்.